பாலைவனத்தை வெட்டி எறிந்த வரைபடம்

முசிறியைப் பற்றிய சுவரொட்டியோ சுற்றுலாக் கையேடோ கருத்தரங்க அழைப்பிதழோ, எதைக் கையில் எடுத்தாலும் அதில் ஒரு வளைகோடு இருக்கும். மலபார்க் கரையில் ஒரு புள்ளியில் தொடங்கும். அரபிக்கடலின்மேல் வில்லாக வளையும். செங்கடலுக்குள் நுழைந்து அதன் மேலைக்கரையைத் தொடும். தொட்ட மறுகணமே எகிப்தின்மேல் ஒரே தாவாகத் தாவி அலெக்சாந்திரியாவில் இறங்கிவிடும். கரையில் இறக்கிய மிளகுக்கு அங்கே சிறகு முளைத்தது போலும். முசிறி யாருடையது, எங்கே இருந்தது, அதன் பெயரை எப்படி எழுதுவது என்பவற்றில் கேரளத்தாருக்கும் தமிழ்நாட்டாருக்கும் ஓயாத வழக்கு உண்டு. இந்தத் தாவலில் மட்டும் இரு தரப்புக்கும் முழு உடன்பாடு.

தாவப்பட்ட நிலம் சிறிதன்று. செங்கடல் துறைமுகமான பெரனிகேயிலிருந்து நைல் ஆற்றங்கரையில் இருந்த கோப்டோஸ் நகர் வரை 257 ரோமானிய மைல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 380 கிலோமீட்டர். ஒட்டகத்தோடு 12 நாள் பயணம். ஆறு கிடையாது, மழை எப்போதாவது பெய்தால் உண்டு. முசிறியில் ஏற்றிய ஒவ்வொரு மூட்டையும் இந்த 12 நாளைக் கடந்த பிறகே நைல் ஆற்றின் படகில் ஏறியது. வடக்கே இருந்த மியோஸ் ஹொர்மோஸ் துறைமுகத்திலிருந்து சென்றால் வழி குறையும், வறட்சி குறையாது. கடல் வணிகம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்றின் இடுப்பெலும்பு ஒரு பாலைவனச் சாலையாக இருந்தது. அந்தச் சாலையின் உயிர் அதன் கிணறுகளில் இருந்தது.

இது யாரும் அறியாத செய்தியன்று. வியப்பே அங்குதான் இருக்கிறது. பிளினியின் ‘இயற்கை வரலாறு’ ஆறாம் நூலைச் சுட்டாத முசிறிக் கட்டுரை அரிது. அதிலிருந்து எடுத்தாளப்படும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து இந்தியா 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சிக்கொள்கிறது என்ற புலம்பல். மற்றொன்று, முசிறிக்கு அருகே கடற்கொள்ளையர் உள்ளனர், கப்பல் நிற்குமிடம் கரையிலிருந்து தொலைவு என்ற எச்சரிக்கை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பகுதி உள்ளது. கோப்டோஸிலிருந்து பெரனிகே வரை எந்தெந்த இடத்தில் நீர்த்துறை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை மைல், வெப்பம் காரணமாக இரவில் நடந்து பகலில் நிலையங்களில் தங்குவது எப்படி, 2,000 பேர் தங்கத்தக்க காவல் நிலையம் எங்கே என்பதையெல்லாம் பிளினி அங்கே வரிசையாகச் சொல்கிறார். முதல் செய்தியிலிருந்து இரண்டாம் செய்திக்குச் செல்லும் வாசகர் இந்தப் பகுதியைப் படிக்காமல் செல்ல முடியாது. ஆனால் ஆய்வேடுகள் செல்கின்றன. இடையில் இருப்பதைத் தாண்டும் பழக்கம் வரைபடம் வரைபவருக்கு மட்டும் உரியதன்று. மேற்கோள் எடுப்பவருக்கும் உரியது.

ஸ்ட்ராபோ பிளினிக்கு முந்தியவர். அவர் தரும் செய்தி இன்னும் கூர்மையானது. முற்காலத்தில் அப்பாலையைக் கடந்த ஒட்டக வணிகர், கடலோடிகளைப் போலவே விண்மீன்களை நோக்கி இரவில் வழி நடந்தனர். கடலோடிகளைப் போலவே குடிநீரையும் சுமந்து சென்றனர். தம் காலத்தில் ஆழத் தோண்டிய நீர்த்துறைகளும், மழை அரிதாயினும் அதைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளும் ஏற்பட்டுவிட்டன என்கிறார். அவர் கண்ணுக்குக் கடலும் பாலையும் ஒரே வகை வெளி. இரண்டிலும் வழி விண்மீனால் அறியப்படுகிறது. இரண்டிலும் நாள் கணக்கு குடிநீரால் அளக்கப்படுகிறது. பருவக்காற்றைப் பற்றி நூறு கட்டுரை எழுதியவர்கள் கிணற்றைப் பற்றி ஒரு பத்தி எழுதாததற்கு, அது கரையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

நீர்த்துறையைக் கிரேக்கத்தில் ஹைட்ரியூமா என்றனர். ஊர்ப்பெயர்களிலேயே அது கலந்துவிட்டது. அப்பொல்லோவின் நீர்த்துறை, புதிய நீர்த்துறை, பழைய நீர்த்துறை என்றே நிலையங்களின் பெயர்கள் அமைந்தன. அப்பாலையில் ஓர் இடத்துக்குப் பெயர் இருப்பதன் பொருள், அங்கே தண்ணீர் இருக்கிறது அல்லது இருந்தது என்பதே. பெயர்ப்பட்டியலே வழிகாட்டி. வழிகாட்டியே வரைபடம். மொழியியல் துறைகளில் இடப்பெயராய்வு என்பது பெரும்பாலும் சாதிப் பெயர், அரசர் பெயர், கடவுள் பெயர் என்று பிரிக்கும் அட்டவணையாகச் சுருங்கிவிட்ட இக்காலத்தில், பெயரைக் கொண்டு உயிர் பிழைத்த ஒரு சாலை இருந்ததை நினைவூட்டுவது தவறாகாது.

கிணறுகள் தாமாகத் தோன்றவில்லை. பொ.ஆ. 76/77இல், வெஸ்பாசியன் ஆட்சியில், எகிப்தின் ஆளுநர் ஜூலியஸ் உர்சுஸ் பெரனிகேயிலிருந்து திரும்பும் வழியில் ஓரிடத்தைக் குறித்து நீர் தேடச் செய்தார். நீர் கண்டதும் காவல் அரணும் தொட்டிகளும் கட்டுமாறு ஆணையிட்டார். இதைச் சொல்லும் கல்வெட்டு பெரனிகேக்கு அருகிலுள்ள சிகெத் என்னுமிடத்தில் கிடைத்தது. கோப்டோஸில் கிடைத்த வேறொரு லத்தீன் கல்வெட்டு, இச்சாலைகளில் நீர்த்தொட்டிகள் கட்டிய படைவீரர்களின் பெயர்களை அவர்களுடைய சொந்த ஊர்களோடு நிரல்படுத்துகிறது. பொ.ஆ. 137இல் ஹாட்ரியன் அமைத்த சாலையின் கல்வெட்டும் நீர்த்துறைகள் நிறைந்த சாலை என்றே அதைப் புகழ்கிறது. பேரரசுகள் தம் பெருமையைச் சொல்ல எதைத் தேர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லில் வெட்டும் அளவுக்குப் பெருமையாக இருந்த ஒன்று, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் பாரம்பரியக் கையேட்டில் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

பெரனிகேயின் நிலை இதனினும் கடுமை. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி நிறுவிய அத்துறைமுகத்தில் குடிக்கத்தக்க தண்ணீர் கிடையாது. சிகெத் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு. கலாலாத் பள்ளத்தாக்கின் அரண் அதனினும் சற்றுக் கூடுதல். அங்கிருந்தே ஊருக்குள் நீர் வந்தது. ஸ்டீவன் சைட்போத்தமும் வில்லெகே வெண்ட்ரிக்கும் 1994 முதல் நடத்திய அகழாய்வில், கோயில் முற்றமொன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் 7.55 கிலோ கருமிளகு கிடைத்தது. இச்செய்தி உலகெங்கும் பரவியது. கொச்சியில் இதைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. அதே ஊரின் குப்பைமேட்டிலிருந்து கிரேக்க எழுத்துள்ள உடைந்த ஓடுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் சுங்கத்தைக் கடப்பதற்கான அனுமதிச் சீட்டுகள் உண்டு. யாருக்கு எவ்வளவு தண்ணீர் வழங்கப்பட்டது என்னும் குறிப்புகளும் உண்டு. மிளகு ஒரு சாடி. தண்ணீர்க் கணக்கு ஒரு தொகுப்பு. எது பரவியது, எது பரவவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி முசிறி பாப்பிரஸ். வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகம் 1980இல் பெற்று, 1985இல் பதிப்பிக்கப்பட்ட இந்த ஒப்பந்தம் பொ.ஆ. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்கு மதிப்பு மறுபக்கத்தில் கணக்கிடப்பட்டுள்ளது. யானைத் தந்தம், கங்கைப் பகுதியின் நறுமணத் தைலம் என்று கண்ணைப் பறிக்கும் பொருள்கள் அதில் உண்டு; எனவே எல்லோரும் மறுபக்கத்தையே படிக்கின்றனர். ஒப்பந்தப் பக்கத்தில் எஞ்சியிருக்கும் வாசகம் வேறொன்றைப் பேசுகிறது. சரக்கை நம்பத்தக்க ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்துக் காவலோடும் பாதுகாப்போடும் கோப்டோஸின் பொதுப் பண்டகசாலைக்குக் கொண்டு செல்வேன், அங்கிருந்து ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா சேர்ப்பேன், நான்கில் ஒரு பங்கு சுங்கம் செலுத்துவேன் என்று கடன் பெற்றவர் உறுதியளிக்கிறார். இலட்சக்கணக்கான திராக்மா மதிப்புள்ள சரக்குக்குக் கடன் கொடுத்தவர், பாலையைக் கடக்கும் ஏற்பாட்டை எழுத்தில் பெறாமல் விடவில்லை. முசிறியின் பெயரைத் தாங்கிய ஆவணம் ஒட்டகக்காரரைப் பேசுகிறது. முசிறியின் பெயரைத் தாங்கிய ஆய்வரங்குகள் பேசுவதில்லை.

இன்னொரு பொருத்தத்தையும் குறித்தாக வேண்டும். முசிறியின் பெயரையும் அதனருகே அகஸ்டஸ் கோயிலையும் காட்டும் ‘பொய்ட்டிங்கர் பட்டியல்’ என்னும் ரோமானிய வழிவரைபடத்தின் இடைக்காலப் படியும் அதே வியன்னா நூலகத்தில்தான் இருக்கிறது. அதன் ஒரு மூலை, முசிறி என்ற எழுத்தும் ஓர் ஏரியும் கோயில் சின்னமும் தெரியும்படி வெட்டப்பட்டு, பல்லாயிரம் முறை அச்சாகியிருக்கிறது. வெட்டப்படாத வரைபடத்தில் கோப்டோஸ் – பெரனிகேச் சாலையின் நிலையங்கள் தொலைவு எண்களோடு வரிசையாக உள்ளன. ஆக, பழைய வரைபடம் பாலைவனத்தை மறக்கவில்லை. கத்தரிக்கோல் இக்காலத்தது.

தமிழ்நாட்டு மேடைகளில் இதே கத்தரிக்கோல் வேறு வடிவில் வேலை செய்கிறது. குசெய்ர் அல்-கதீம், அதாவது பழைய மியோஸ் ஹொர்மோஸ், தந்த பானையோடு ஒன்றில் தமிழ்ப் பிராமியில் ‘பானை ஒறி’ என்று எழுதப்பட்டிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தார். பானையைத் தொங்கவிடும் கயிற்று வலையான உறிதான் அது. அதே இடத்தில் அதற்கு முன் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் உண்டு. பெரனிகேயில் ‘கொறபூமான்’ என்ற பெயர். இவை கிடைத்த நாளிலிருந்து மேடைதோறும் ஒலிப்பது ஒரே சொற்றொடர்: எகிப்தில் தமிழ். எகிப்து என்றதும் கேட்பவர் மனத்தில் எழுவது பிரமிடும் நைல் ஆறும். அந்த ஓடுகள் கிடந்த இடமோ, குடிதண்ணீருக்கு அயலிடத்தை நம்பி வாழ்ந்த வறண்ட கடற்கரை. சாதனும் கணனும் அங்கே எத்தனை மாதம் காற்றுக்காகக் காத்திருந்தனர், யாருடைய கிணற்று நீரைக் குடித்தனர், அந்த நீருக்கு யார் பணம் கொடுத்தார் என்று கேட்கும் கட்டுரை எதுவும் பாராட்டுப் பெறுவதில்லை. எழுத்து கண்டவுடன் ஆய்வு முடிந்துவிடுகிறது. பாலைக்கரையில் கிடந்த ஒரு ஓட்டின் மேல் அரசன் பெயரோ தெய்வத்தின் பெயரோ எழுதப்படவில்லை. ஒரு பாத்திரத்தின் பெயரும் அதைத் தாங்கும் கயிற்றின் பெயரும் எழுதப்பட்டன. அதைக் கொண்டு பேரரசுப் பெருமிதம் கட்டுவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

கேரளத்துத் தரப்பில் இதற்கு நேர் மாறான கூச்சம் நிலவுகிறது. 2007 முதல் பட்டணம் அகழாய்வில் கிடைத்த பொருள்களைப் பேசும்போது ரோம், அரபு, மேற்காசியா என்பன தயங்காமல் வரும். தமிழ் என்னும் சொல் மட்டும் சற்றுத் தயங்கி, ‘பழந்திராவிட’ என்ற முக்காடிட்டு வரும். உறி என்னும் சொல் மலையாளத்தில் இன்றும் உறிதான். இரு மொழிக்கும் பொதுவான ஒரு கயிற்று வலையை இரு மாநிலங்கள் இரு பக்கமும் பிடித்து இழுப்பதைக் காணும் மொழியியல் மாணவருக்குச் சிரிப்பு வரும். அப்படியே சிரித்துவிட்டு அவரும் தம் நெறியாளர் விரும்பும் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

தமிழ்த் துறைகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பாலை என்பதை ஐந்திணையில் ஒன்றாக வைத்து, பிரிவு என்னும் உரிப்பொருளோடு பிணைத்துப் பயிலும் துறைகள் இவை. வறண்ட நிலத்தின் வழி, அவ்வழியில் செல்லும் வணிகச் சாத்து, உமணரின் உப்பு வண்டி, கணிச்சி கொண்டு வன்னிலத்தில் ஆயர் தோண்டிய கூவல், அக்கூவல் நீருக்கு வந்து சேரும் யானை ஆகியவை சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கூவல், பத்தல், கேணி, சுனை, ஊற்று, ஊருணி, துரவு எனத் தமிழ் வைத்திருக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றுப்பெயர்கள் அல்ல. தோண்டும் முறை, ஆழம், உரிமை, பயன் ஆகியவற்றால் வேறுபட்டவை. இவற்றை அகராதிப் பொருளோடு நிறுத்திவிட்டு, தலைவியின் கண்ணீரை மட்டும் அளப்பது மரபாகிவிட்டது. பாலைப் பாடல்களின் நீர்நிலைகளையும் வழிகளையும் கொங்கு நாட்டின் உண்மையான நிலத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்கு இறங்கிய வணிக வழியில், ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் பணி, பிரிவுத் துயர் பற்றிய இருநூறாவது ஆய்வேட்டைக் காட்டிலும் பயனுள்ளது. அதற்கு வெயிலில் நடக்க வேண்டும் என்பதே குறை.

இவ்வளவும் தொன்மை. இதற்கும் மட்டாஞ்சேரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நீர் இல்லாத துறைமுகம் பெரனிகே மட்டுமன்று என்பதே தொடர்பு.

1341இன் பெரியாற்று வெள்ளம் முசிறியின் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அத்துடன் கதை இனிமையாக முடித்துவைக்கப்படும்: ஒரு துறைமுகம் மறைந்தது, மற்றொன்று பிறந்தது. புதிய துறைமுகம் கடலுக்கும் காயலுக்கும் இடையே கிடந்த மணல்திட்டு என்பதும், அதன் கிணறுகள் உவர்ப்பானவை என்பதும் அந்தக் கதையில் இடம்பெறுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த கப்பல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்ட்டன், கொச்சியில் பரவலாக இருந்த கால் வீக்கத்துக்கு இவ்வூர்த் தண்ணீரே காரணம் என்று எழுதினார். யானைக்கால் நோய்க்குக் கொசு காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அதையொட்டி அவர் தரும் செய்தி முக்கியமானது: கொச்சியிலிருந்த டச்சுக்காரர் வராப்புழைக்கு நாள்தோறும் படகு அனுப்பிச் சிறு பீப்பாய்களில் நன்னீர் கொண்டுவந்தனர். பெரனிகேக்குச் சிகெத், கொச்சிக்கு வராப்புழை. ஒரே வணிகத் தடத்தின் இரு முனைகளிலும், வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெளியூர்த் தண்ணீரால் உயிர் வாழ்ந்த துறைமுகங்கள். கடல்வழி பற்றிய எந்த ஒப்பாய்வும் இந்த ஒற்றுமையை நெருங்கவில்லை.

படகு போய்க் குழாய் வந்தது. தண்ணீர் மட்டும் இன்றும் வெளியூரிலிருந்தே வருகிறது. 2023இன் தொடக்க மாதங்களில் மூவாற்றுப்புழை ஆற்றங்கரையிலுள்ள பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதடைந்தபோது, மட்டாஞ்சேரி உள்ளிட்ட மேற்குக் கொச்சியின் குழாய்கள் வாரக்கணக்கில் வறண்டன. லாரித் தண்ணீரை நம்பியவர்களுக்கு, அந்த லாரி நுழைய முடியாத சந்துகளே வாழிடம். குடத்தோடு வரிசையில் நின்றவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அதே மாதங்களில், 2022 டிசம்பர் 23இல் தொடங்கி 2023 ஏப்ரல் 10 வரை, முசிறியின் பெயரைத் தன் பெயரில் கொண்ட கொச்சி – முசிறி கலை ஈராண்டுவிழாவின் ஐந்தாம் பதிப்பு நடந்துகொண்டிருந்தது. மையும் நெருப்பும் அதன் தலைப்பில் இருந்தன. தண்ணீர் தெருவில் இல்லை.

மோட்டார் பழுதுக்கு அவ்விழா பொறுப்பன்று. அப்படிச் சொல்வது மடமை. கைவிடப்பட்ட பண்டகசாலைகளைத் திறந்து மக்கள் நடமாடச் செய்ததும், சிறு வணிகருக்குச் சில மாத வருமானம் கிடைக்கச் செய்ததும் அதன் நன்மைகள். இங்கே குற்றம் சாட்டப்படுவது வேறொரு கூட்டம். விழா மலருக்குக் கட்டுரை எழுதவும், பன்னாட்டுக் கருத்தரங்கில் ‘இந்தியப் பெருங்கடல் பண்பாட்டு உறவுகள்’ பற்றிப் பேசவும், அந்த மூன்று மாதத்தில் மட்டாஞ்சேரிக்கு வந்துபோன பல்கலைக்கழகத்தார் பலர். நீர் நின்ற தெருவில் நின்றுகொண்டே அவர்கள் கடலின் நீரைப் பற்றிப் பேசினர். துறைமுகம் என்பது சரக்கு வந்து போகும் இடம் என்பதற்கு முன்னால், மனிதர் தங்கிக் குடித்துக் குளித்துச் சமைக்கும் இடம் என்னும் எளிய வரையறை அவர்களுடைய கோட்பாட்டில் இல்லை.

மட்டாஞ்சேரியின் பன்மொழித் தன்மை பற்றிய ஆய்வுகளிலும் இதே ஓட்டை. கொங்கணி, குஜராத்தி, கச்சி, மராத்தி, தமிழ், தெலுங்கு, உருது என்று மொழிகளை எண்ணி, எத்தனை மொழி என்ற எண்ணிக்கையில் மகிழ்ந்து கட்டுரைகள் முடிகின்றன. கச்சி பேசும் மேமன்களின் முன்னோர் வந்த கச்சு நிலமும் உப்புப் பாலையை ஒட்டியது. அங்கே நன்னீர் இருக்குமிடம் அறிவது தலைமுறைத் தலைமுறையாகக் கைமாறும் அறிவு. அந்த அறிவுக்கான சொற்களில் எவை மட்டாஞ்சேரியில் எஞ்சியுள்ளன, எவை மறைந்தன என்று கேட்டறியும் களப்பணி எளியது. செய்தவர் யார்?

தமிழருக்கு வருவோம். மட்டாஞ்சேரிக்குள் பாண்டிக்குடி என்றே ஓரிடம் உண்டு. அருகே, கோட்டைக் கொச்சியின் வெளி எனப்படும் பகுதியில், தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர் துணி வெளுக்கும் தோபி கானா இருக்கிறது. டச்சுப் படையினரின் சீருடை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. நன்னீர் அரிதான ஒரு திட்டில், தலைமுறைகளாகத் தண்ணீரையே தொழிற்கருவியாகக் கொண்டு வாழ்ந்த தமிழர் இவர்கள். எந்தக் கிணறு உவர்க்கும், எந்த மாதம் உவர்க்கும், எந்த நீரில் கஞ்சி பிடிக்கும், எதில் வெள்ளைத்துணி பழுப்பேறும் என்பது இவர்களுக்குத் தெரிந்திருக்கும் அளவுக்கு எந்த அலுவலகக் கோப்புக்கும் தெரியாது. சுற்றுலா வருவோர் கொடியில் காயும் துணிகளைப் படம் பிடிக்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து முசிறி தேடி வரும் ஆய்வுக்குழுக்கள் கொடுங்கல்லூருக்கும் பட்டணத்துக்கும் செல்லும் வழியில் இவர்களைக் கடந்து செல்கின்றன. எகிப்தின் கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தமிழன் விட்டுச்சென்ற ஓடு மொழிச்சான்று. கொச்சியின் கரையில் இன்று தமிழ் பேசிக்கொண்டு தொட்டியில் நிற்பவர் வெறும் காட்சி. இந்தத் தரம்பிரிப்பு எந்த மொழியியல் நூலில் உள்ளது?

வரைபடம் என்றாலே எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு மறுப்பு வரும். உண்மை. ஆனால் எதை விடுவது என்பதில் ஒழுங்கு தெரிந்தால் அது தற்செயலாகாது. கடல் இருக்கும், கிணறு இருக்காது. மாலுமி இருப்பான், ஒட்டகக்காரன் இருக்கமாட்டான். மிளகு இருக்கும், மிளகோடு வந்தவன் குடித்த நீர் இருக்காது. பொ.ஆ. 90இல் வெட்டப்பட்ட கோப்டோஸின் சுங்கக் கல்வெட்டு, அச்சாலையில் சென்ற கப்பல்காரர், கைவினைஞர், படைவீரரின் மனைவியர் என ஒவ்வொரு வகையினரையும் பெயரிட்டு வரி விதிக்கிறது. கணிகையருக்கு 108 திராக்மா. வரி வாங்கியவனுக்கு இவர்கள் எல்லாரும் கண்ணில் பட்டனர்.

நீர் வரைபடம் என்பதே நல்லது என்று கருதிவிடுவதும் பேதைமை. பாலையில் கிணற்றைக் குறித்தவன் அதைச் சுற்றி மதிலும் எழுப்பினான். ஒவ்வொரு நீர்த்துறையும் காவல் அரணானது. யார் குடிக்கலாம் என்பதை வாயிலில் நின்ற வீரன் முடிவு செய்தான். மதிலுக்கு வெளியே நின்ற நாடோடிகளை அந்த அரண்களில் கிடைத்த ஓடுகள் ‘காட்டுமிராண்டிகள்’ என்றே குறிக்கின்றன; பொ.ஆ. 118இல் அவர்கள் ஓர் அரணைத் தாக்கிய செய்தி க்ரொகொதிலோ ஓடுகளில் உள்ளது. தண்ணீரின் மேல் மதில் எழுந்தபின் அம்மக்கள் எங்கே சென்று குடித்தனர் என்பதை எந்த ஓடும் சொல்லவில்லை. பெல்சோனி 1818இல் பெரனிகேயைத் தேடிச் சென்றபோதும், பின் வந்த அகழாய்வுகளிலும், அப்பாலையை அறிந்தவர்கள் அபாப்தா இனத்தார். நிலப்படம் அச்சாகும்போது அளந்தவர் பெயர் அதில் இருக்கும். கிணற்றைக் காட்டியவர் பெயர் இருக்காது. மட்டாஞ்சேரியில் நீர் வரைபடம் எழுதப் புகுவோர் இதையும் எண்ணியே புக வேண்டும். எந்தச் சந்தில் எந்தக் கிணறு எஞ்சியிருக்கிறது என்று பட்டியலிட்டுக் கொடுத்த மறுநாள், அந்தக் கிணற்றடி ஒரு தங்கும் விடுதியின் முற்றமாகிவிடும் வாய்ப்பு கற்பனையன்று. பாரம்பரிய மதிப்பு கூடக்கூட அவ்வூரில் குடியிருப்போரின் இடம் சுருங்குவதை அறிய ஆய்வு தேவையில்லை. வாடகைப் பலகைகள் போதும்.

ஆகவே செய்ய வேண்டியது யாதெனில், முதலில் அங்கே குடியிருப்போரிடமிருந்து சொற்களைக் கேட்டறிவது. பொதுக்குழாய், கிணறு, குளம், படகுத்துறை, லாரி நிற்குமிடம், குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஆகியவற்றுக்கு மலையாளம், தமிழ், கொங்கணி, கச்சி, தக்கினி ஆகிய மொழிகளில் அவர்கள் வழங்கும் பெயர்களைத் தெருத்தெருவாகப் பதிவது. தூர்ந்த கிணற்றின் பெயரையும், அது தூர்ந்த ஆண்டையும், யார் இறைக்கலாம் யார் இறைக்கக்கூடாது என்று அங்கே இருந்த கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பதிவது. அதன்பின் அந்தப் பதிவை எங்கே வைப்பது, எவ்வளவு வெளியிடுவது என்பதைச் சொன்னவர்களே முடிவு செய்வது. ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் இரண்டு வார்டுகளை முடிக்கலாம். கருவிச் செலவு ஒரு குறிப்பேடு. இத்தலைப்பை எந்தத் துறைக்குழு ஏற்கும் என்பது வேறு கேள்வி; ‘முசிறி: கடல் கடந்த தமிழ்ப் பெருமை’ என்று அதற்குப் பெயர் வைத்தால் உடனே ஏற்கும்.